விண்ணின் எழுத்தும் மண்ணின் நிகண்டும்

வானியல் என்றவுடன் நம் நெஞ்சில் முதற்கண் தோன்றுவது தொலைநோக்கியே ஆகும். மலையுச்சியில் இரவெல்லாம் விழித்திருந்து விண்மீன்களை நோக்கும் அறிஞரையே வானியலார் என்று நாம் போற்றுகிறோம். அது தவறன்று, ஆயினும் அது பாதி உண்மையே. வானியலின் மறுபாதி, இருட்டாக்கப்பட்ட ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறு விளக்கின்முன் அமர்ந்திருப்பவரைச் சார்ந்தது. அவர் அவ்விளக்கில் இரும்பையோ தோரியத்தையோ ஒளிரச் செய்து, அவ்வொளியில் தோன்றும் ஒவ்வொரு கோட்டின் அலைநீளத்தையும் அளந்து பட்டியலிடுகின்றார். அவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் தொலைநோக்கியின் வழியே வானத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. எனினும், அவர் அளந்து தரும் எண்கள் இல்லையேல் தொலைநோக்கி திரட்டித் தரும் ஒளி பொருளற்ற கோலமாகவே நின்றுவிடும்.

தமிழ் பயில்வோர்க்கு இதனை விளக்குதல் எளிது. வட்டெழுத்தில் பொறித்த கல்வெட்டு ஒன்றினை நாம் காண்கின்றோம் என்று கொள்வோம். கல் நம் கண்முன் நிற்கின்றது. கோடுகளும் தெளிவாகத் தெரிகின்றன. ஆயினும், எழுத்துகளின் வரிவடிவ அட்டவணை நம் கையில் இல்லையேல் அக்கல் ஊமையே. அட்டவணையில் ஓர் எழுத்துப் பிழைபட்டிருப்பின், படிக்கப்படும் பெயரும் பிழைபடும்; பெயர் பிழைபட, வரலாறே பிழைபடும். விண்ணொளியைப் படிப்பதும் இத்தகையதே. அதற்கான நிகண்டு விண்ணில் கிடைப்பதன்று. மண்ணில், ஆய்வகத்தில் தொகுக்கப்படுவது. அந்நிகண்டு எவ்வாறு உருவாயிற்று, அது பிழைபட்டபோது யாது நேர்ந்தது, செம்மையுற்றபோது எவை வெளிப்பட்டன என்பவற்றை ஈண்டு நோக்குவோம்.

ஒளியில் அமைந்த எழுத்து

கதிரவன் ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தினால் வானவில்லின் நிறங்கள் வரிசையாக விரிகின்றன. இதனையே நிறமாலை என்கிறோம். ஜெர்மனி நாட்டின் பிரான்ஹோபர் 1814ஆம் ஆண்டளவில் இந்நிறமாலையை நுணுகி ஆராய்ந்து, அதன் குறுக்கே ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கருங்கோடுகள் இருப்பதைக் கண்டு, அவற்றின் இடங்களை வரைந்து வைத்தார். அக்கோடுகள் ஏன் உண்டாகின்றன என்பது அன்று விளங்கவில்லை. கல்வெட்டுக் கிடைத்துவிட்டது, எழுத்தட்டவணை கிடைக்கவில்லை.

அட்டவணையின் முதற்பக்கம் 1859இல் ஹைடல்பர்க் நகரில் எழுதப்பட்டது. கிர்க்காஃப், புன்சன் என்னும் இருவர், தனிமங்களைச் சுடரில் இட்டு அவை உமிழும் ஒளியைப் பகுத்தனர். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளிர்கோடுகளைத் தருகின்றது என்பதும், அதே தனிமத்தின் ஆவி இடையே நின்று வெண்ணொளியை உட்கவரும்போது அதே இடங்களில் கருங்கோடுகள் தோன்றுகின்றன என்பதும் இவர்களால் நிலைநாட்டப்பட்டன. சோடியத்தின் இரட்டை மஞ்சட்கோடுகள் 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் அளவில் அமைகின்றன. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. கதிரவன் நிறமாலையிலும் அதே இடங்களில் இரு கருங்கோடுகள் உள்ளன. ஆகவே கதிரவனில் சோடியம் உண்டு என்பது பெறப்பட்டது.

இதற்கான காரணத்தைப் பிற்காலத்தில் அணுவியல் விளக்கியது. அணுவினுள் எலக்ட்ரான்கள் விரும்பிய ஆற்றலையெல்லாம் கொண்டிருத்தல் இயலாது. குறிப்பிட்ட சில ஆற்றல் மட்டங்களிலேயே நிற்றல் கூடும். மாடிப்படியில் நிற்பவர் ஏதேனும் ஒரு படியில்தான் நிற்க முடியுமேயன்றி இருபடிகளுக்கு இடையே நிற்க முடியாதன்றோ? மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு எலக்ட்ரான் இறங்கும்போது, அவ்விரு படிகளின் வேறுபாட்டிற்கு ஏற்ற அலைநீளமுடைய ஒளி வெளிப்படுகின்றது. ஒவ்வொரு தனிமத்தின் படியமைப்பும் வேறு. ஆதலின் கோடுகளும் வேறு. எலக்ட்ரான் ஒன்றை இழந்து அயனியாகிவிட்டால், அதே தனிமமே முற்றிலும் புதியதொரு படியமைப்பைப் பெறுகின்றது.

குண்டூரில் கண்ட கோடு

1868ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை, அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் இருந்து பிரெஞ்சு வானியலார் ஜான்சென் ஆராய்ந்தார். கதிரவன் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகள் ஒளிர்கோடுகளைத் தருவதை அன்று அவரும் பிறரும் கண்டனர். அவற்றுள் ஒன்று மஞ்சட்கோடு. அதனைச் சோடியத்தின் கோடு என்று கருதிவிடுதல் எளிது. ஆயின், அவ்வாண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியர் அக்கோட்டின் இடத்தைத் திருத்தமாக ஒப்பிட்டபோது, அது சோடியத்தின் இரு கோடுகளோடும் பொருந்தவில்லை என்பது தெரிந்தது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 5876 ஆங்ஸ்ட்ராம். சோடியத்தினின்று அது விலகி நிற்பது பதினான்கு ஆங்ஸ்ட்ராம் அளவே. அச்சிறு விலகல்தான் ஒரு புதிய தனிமத்தின் வருகையை அறிவித்தது. அதற்கு ஹீலியம் என்னும் பெயர் சூட்டப்பட்டது.

எனினும், மண்ணில் காணப்படாத தனிமத்தை எவ்வாறு நம்புவது? இருபத்தேழு ஆண்டுகள் ஐயம் நீடித்தது. 1895இல் ராம்சே என்பார் யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து வெளிப்பட்ட வாயுவில் அதே மஞ்சட்கோட்டைக் கண்டார். உலகம் மகிழ்ந்தது. ஆனால், ஜெர்மனியில் ரூங்கே அவ்வாயுவின் கோட்டை மேலும் நுணுகி அளந்தபோது, அது ஒற்றைக் கோடன்று, மிக நெருங்கிய இரட்டைக் கோடு என்று கண்டார். கதிரவனின் கோடோ ஒற்றையென்றே அதுவரை எண்ணப்பட்டு வந்தது. அவ்வாறாயின் இரண்டும் ஒன்றாகா. ஐயம் மீண்டும் தலைதூக்கியது. வானியலார் கதிரவனை மறுபடியும் கூர்ந்து நோக்கினர். அங்கும் அக்கோடு இரட்டையாகவே இருந்தது. ஐயம் முற்றும் நீங்கியது. ஆய்வக அளவை வானியலாரின் கண்ணைத் திறந்தமைக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இல்லாத தனிமங்கள் இரண்டு

ஹீலியத்தின் வெற்றி, புதிய கோடுகளைக் கண்டபோதெல்லாம் புதிய தனிமங்களைக் கற்பிக்கும் பழக்கத்திற்கு இடமளித்தது. 1864இல் ஹக்கின்ஸ் என்பார் டிராக்கோ விண்மீன் குழுவில் உள்ள ஒரு நெபுலாவின் ஒளியில் பச்சை நிறக் கோடுகளைக் கண்டார். 5007, 4959 ஆங்ஸ்ட்ராம் அளவில் அமைந்த அக்கோடுகள் மண்ணுலகத் தனிமம் எதனோடும் பொருந்தாமையின், நெபுலியம் என்றொரு தனிமம் உண்டு எனப் பின்னர்க் கருதப்பட்டது. 1869ஆம் ஆண்டு கிரகணத்தின்போது கதிரவனைச் சூழ்ந்த கொரோனா என்னும் ஒளிவளையத்தில் 5303 ஆங்ஸ்ட்ராம் அளவில் மற்றொரு பச்சைக்கோடு தென்பட்டது. அதற்குக் கொரோனியம் எனப் பெயரிட்டனர்.

நெபுலியத்தின் புதிரை 1927இல் அமெரிக்காவின் போவன் அவிழ்த்தார். அவர் அதற்கெனத் தொலைநோக்கியை நாடவில்லை. ஆக்சிஜன் அயனிகளின் புறஊதாக் கோடுகள் ஆய்வகத்தில் அளக்கப்பட்டிருந்தன. அவ்வளவுகளைக் கொண்டு இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனின் ஆற்றல் படிகளை அவர் வரையறுத்தார். பின்னர், அப்படிகளுள் மிகத் தாழ்ந்தனவற்றுக்கு இடையே எலக்ட்ரான் இறங்குமாயின் எவ்வலைநீளம் தோன்றும் எனக் கணக்கிட்டார். விடை, நெபுலியத்தின் கோடுகளோடு பொருந்தியது! அவ்விறக்கம் மிக அரிதாக நிகழ்வது. ஆய்வகக் குழாயிலுள்ள வாயுவில் அணுக்கள் அடிக்கடி மோதிக்கொள்வதால், அது நிகழ்வதற்குள் ஆற்றல் பறிபோய்விடும். நெபுலாவோ நாம் உண்டாக்கும் வெற்றிடத்தினும் வெறுமையானது. ஆகவே அங்கு அணு தன் காலத்திற்குக் காத்திருந்து ஒளிர்கின்றது. புதிய தனிமம் இல்லை. நாம் நாள்தோறும் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனே அது.

கொரோனியமும் இவ்வாறே மறைந்தது. சுவீடன் நாட்டு எட்லேன், வெற்றிட மின்பொறியில் உலோகங்களைக் கடுமையாக அயனியாக்கி அவற்றின் நிறமாலைகளை அளந்துவந்தார். அவர் கண்ட ஆற்றல் மட்டங்களிலிருந்து, கொரோனாவின் செந்நிறக் கோடு ஒன்று ஒன்பது எலக்ட்ரான்களை இழந்த இரும்புக்கு உரியது என 1939இல் குரோட்ரியன் சுட்டினார். எட்லேன் தொடர்ந்து முயன்று, பச்சைக்கோடு பதின்மூன்று எலக்ட்ரான்களை இழந்த இரும்புக்கு உரியது என நிறுவினார். இரும்பு அத்தனை எலக்ட்ரான்களை இழக்க வேண்டுமாயின் அங்கு வெப்பநிலை பத்து இலட்சம் டிகிரிக்கு மேல் இருத்தல் வேண்டும். கதிரவனின் மேற்பரப்போ ஆறாயிரம் டிகிரியை எட்டுவதில்லை. அடுப்பினும் அடுப்பைச் சூழ்ந்த காற்று பன்மடங்கு சூடாக இருப்பதை ஒத்த இவ்விந்தை, ஆய்வக அளவையால் வெளிப்பட்டது. அதன் காரணத்தை ஆராயும் பணி இன்றும் தொடர்கின்றது.

அளக்கும் முறை

இத்தகைய அளவைகள் எவ்வாறு செய்யப்படுகின்றன என்பதைச் சுருங்கக் காண்போம். முதலாவது, தனிமத்தை ஒளிரச் செய்தல் வேண்டும். முற்காலத்தில் சுடரும் மின்வில்லும் மின்பொறியும் பயன்பட்டன. இன்று பெரிதும் பயன்படுவது, உட்குழிவான எதிர்மின்வாயை உடைய விளக்கு. ஆராய வேண்டிய உலோகம் அக்குழியில் அமைகின்றது. குறைந்த அழுத்தத்தில் ஆர்கான் அல்லது நியான் வாயு நிரப்பி மின்சாரம் செலுத்தினால், வாயு அயனிகள் உலோகத்தை மோதி அதன் அணுக்களைப் பெயர்த்து ஒளிரச் செய்கின்றன. மின்வில்லில் நேர்வது போலக் கோடுகள் அகன்று பருத்துவிடாமல், மெல்லியனவாகக் கிடைப்பது இதன் சிறப்பு.

இரண்டாவது, அவ்வொளியைப் பகுத்தல் வேண்டும். கண்ணாடியிலோ உலோகப் பரப்பிலோ நெருங்கிய கோடுகள் கீறப்பட்ட கீற்றணி இதற்குப் பயன்படுகின்றது. அமெரிக்காவின் ரோலண்டு 1880களில் உருவாக்கிய குழிந்த கீற்றணிகள் இத்துறையில் ஒரு திருப்பத்தை உண்டாக்கின. அவர் 1890களில் வெளியிட்ட கதிரவன் நிறமாலை அட்டவணை ஏறத்தாழ 20,000 கோடுகளைக் கொண்டது. இன்று, ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு கண்ணாடியை நகர்த்தி, மீண்டும் ஒன்றுசேர்த்து, அதன் குறுக்கீட்டிலிருந்து நிறமாலையைக் கணிக்கும் ஃபூரியர் உருமாற்றக் கருவிகள் பயன்படுகின்றன. இவை ஒரு கோடியில் ஒரு பங்கு என்னும் அளவுக்குத் திருத்தமானவை. 1990இல் ஹபிள் விண்தொலைநோக்கி ஏவப்பட்டபோது, விண்ணிலிருந்து வந்த புறஊதா நிறமாலையின் திருத்தத்திற்குப் பழைய ஆய்வக அட்டவணைகள் பல ஈடுகொடுக்கவில்லை. இலண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் அமெரிக்கத் தேசிய அளவை நிறுவனத்திலும் கோடுகளைப் புதிதாக அளக்கும் பணி இதனால் விரைவுபெற்றது.

மூன்றாவது, அளந்த கோடுகளிலிருந்து ஆற்றல் படிகளைக் கண்டறிதல் வேண்டும். இதுவே கடினமானது. மாடிப்படி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எலக்ட்ரான் தாவிய தாவல்களின் உயரங்கள் மட்டுமே கையில் உள்ளன. ஆயிரக்கணக்கான அவ்வுயரங்களை ஒன்றோடொன்று கூட்டியும் கழித்தும் படிகள் எங்கெங்கே உள்ளன என்று உய்த்துணர வேண்டும். இரும்பு போன்ற தனிமத்திற்கு இப்பணி ஒரு தலைமுறையில் முடிவதன்று. அமெரிக்காவின் சார்லட் மூர் சிட்டர்லி என்னும் அம்மையார், உலகெங்கும் செய்யப்பட்ட இத்தகைய பகுப்பாய்வுகளை ஆராய்ந்து, ஒழுங்குபடுத்தி, 1949, 1952, 1958 ஆகிய ஆண்டுகளில் அணு ஆற்றல் மட்டங்கள் பற்றிய மூன்று பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். நம் நிகண்டாசிரியர்கள் சொற்களைத் தொகுத்தது போன்றே, அவர் அணுக்களின் படிகளைத் தொகுத்தார் எனலாம்.

கோடைக்கானலில் ஒரு வழக்கு

இத்துறையில் தமிழகத்திற்கும் ஓர் இடம் உண்டு. 1899இல் நிறுவப்பட்ட கோடைக்கானல் வானாய்வகத்திற்கு 1907இல் எவர்ஷெட் வந்து சேர்ந்தார். 1909ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் சூரியப் புள்ளிகளின் நிறமாலையில் கோடுகள் சற்றே இடம்பெயர்ந்திருப்பதைக் கண்டு, புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கி வாயு பாய்கின்றது என்று நிறுவினார். ஒளி தரும் பொருள் நம்மை நோக்கி வந்தால் கோடுகள் நீல முனைப் பக்கமும், விலகிச் சென்றால் செம்முனைப் பக்கமும் பெயரும் என்பது டாப்ளர் விளைவு. எவர்ஷெட் கண்ட பாய்ச்சல் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இதனினும் நுண்ணியதொரு வழக்கு பின்னர் எழுந்தது. கதிரவனின் ஈர்ப்பினால் அதன் ஒளி சற்றே செம்முனைப் பக்கம் பெயர வேண்டும் என்று ஐன்ஸ்டைன் கூறினார். அப்பெயர்ச்சி பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு அளவே. 5000 ஆங்ஸ்ட்ராம் கோட்டில் அது ஏறத்தாழ 0.01 ஆங்ஸ்ட்ராம். இதனை அறிய வேண்டுமாயின், கதிரவனின் இரும்புக் கோடுகளை ஆய்வகத்து இரும்பு மின்வில்லின் கோடுகளோடு ஒப்பிடுதல் வேண்டும். ஆயின், அம்மின்வில்லே முற்றும் நம்பத்தக்கதாக இல்லை! மின்வாய்க்கு அருகிலிருந்து வரும் ஒளியில் சில கோடுகள் இடம்பெயர்கின்றன; அழுத்தம் மாறினாலும் பெயர்கின்றன. அளவுகோலே வளைந்திருக்குமாயின் துணியின் நீளத்தை எவ்வாறு துணிவது? ஆகவே, மின்வில்லின் நடுப்பகுதியிலிருந்து மட்டுமே ஒளியை எடுத்தல் முதலிய விதிகள் வகுக்கப்பட்டன. 1917இல் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் செயின்ட் ஜான் இப்பெயர்ச்சிக்குச் சான்று கிடைக்கவில்லை என்றார். கதிரவனில் வாயு மேலும் கீழும் இயங்குவதால் உண்டாகும் பெயர்ச்சியையும் பிரித்தறிந்த பின்னர், 1923 அளவில் கோடைக்கானலில் எவர்ஷெட்டும் அமெரிக்காவில் செயின்ட் ஜானும் ஐன்ஸ்டைன் கூற்றை ஏற்றனர். ஒரு பேருண்மை ஏற்கப்படுவதற்கு, மின்வில்லின் எப்பகுதியிலிருந்து ஒளியை எடுப்பது என்னும் சிறு செய்தியும் துணைநிற்க வேண்டியிருந்தது.

அளவு பிழைத்தால் கணக்கும் பிழைக்கும்

கோட்டின் இடம் எத்தனிமம் என்பதைக் கூறும். அத்தனிமம் எவ்வளவு உள்ளது என்பதை அறியக் கோட்டின் வலிமையை நோக்க வேண்டும். ஆனால், எல்லாத் தாவல்களும் ஒரே எளிமையுடன் நிகழ்வதில்லை. ஒரு தாவல் நிகழ்வதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதை அறிந்தாலன்றிக் கோட்டின் வலிமையிலிருந்து அணுக்களின் எண்ணிக்கையைக் கணிக்க இயலாது. இவ்வாய்ப்பினையும் ஆய்வகத்திலேயே அளத்தல் வேண்டும்.

1960களில் இவ்வகையில் பெருஞ்சிக்கல் ஒன்று நேர்ந்தது. அக்காலத்தில் வழக்கிலிருந்த அட்டவணைகளைக் கொண்டு கணித்தபோது, கதிரவனின் ஒளிக்கோளத்தில் இருக்கும் இரும்பு, விண்கற்களிலும் கொரோனாவிலும் காணப்படும் விகிதத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே என்று வந்தது. ஒரே முகிலிலிருந்து பிறந்தவை எனக் கருதப்படும் கதிரவனும் விண்கற்களும் இரும்பில் இத்துணை வேறுபடுதல் எவ்வாறு? அறிஞர் பலர் பலவாறு விளக்கம் தேடினர். விளக்கம் விண்ணில் இல்லை. 1969இல் ஜெர்மனியின் கீல் நகரில் கார்ஸ், கோக் என்னும் இருவர், நிலைப்படுத்தப்பட்ட மின்வில்லில் இரும்புக் கோடுகளின் தாவல் வாய்ப்புகளைப் புதிதாக அளந்தனர். பழைய அளவுகள் பல, பத்து மடங்கு வரை பிழைபட்டிருந்தமை தெரிந்தது. திருத்திய எண்களை இட்டவுடன் கதிரவனின் இரும்பும் விண்கற்களின் இரும்பும் ஒத்துவரத் தொடங்கின. கதிரவனில் ஓர் அணுவும் கூடவில்லை. மண்ணில் இருந்த அட்டவணையே திருந்தியது.

இன்று இவ்வளவை இரு படிகளில் செய்யப்படுகின்றது. லேசர் ஒளியால் அணுவை ஒரு மேல்மட்டத்திற்கு ஏற்றி, அது அங்கு எத்துணை நேரம் தங்குகின்றது என்பதை முதலில் அளக்கின்றனர்; அது ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்குகளே. பின்னர் அம்மட்டத்திலிருந்து இறங்கும் வழிகள் ஒவ்வொன்றிலும் ஒளி எவ்விகிதத்தில் பங்கிடப்படுகின்றது என்பதை அளக்கின்றனர். இவ்விரண்டும் சேர்ந்து ஒவ்வொரு கோட்டின் வாய்ப்பையும் தருகின்றன.

முன்னரே அளந்து வைத்த தனிமம்

அளவையாளர் வானியலாருக்கு முந்திச் சென்ற நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. 43 என்னும் அணு எண் கொண்ட டெக்னீசியம், 1937இல் செயற்கையாக உண்டாக்கப்பட்ட பின்னரே உறுதியாக அறியப்பட்டது. அது கதிரியக்கத்தால் அழிந்துகொண்டே இருப்பது. அதன் ஐசோடோப்புகளுள் நெடுநாள் வாழ்வதன் அரை ஆயுளும் நாற்பது இலட்சம் ஆண்டுகளை ஒட்டியதே. புவியின் வயதோ 450 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது. எனவே, பழங்காலத்தில் டெக்னீசியம் இருந்திருப்பினும் இன்று எஞ்சியிராது. அமெரிக்கத் தேசிய அளவை நிலையத்தில் மெகர்ஸ், ஸ்கிரிப்னர் என்னும் இருவர் இச்செயற்கைத் தனிமத்தின் நிறமாலையை அளந்து 1950இல் வெளியிட்டனர். இயற்கையில் கிட்டாத பொருளின் ஒளியை இத்துணைப் பாடுபட்டு அளப்பதால் யாது பயன் என்று அன்று ஒருவர் வினவியிருப்பின், விடை கூறுதல் அரிதாக இருந்திருக்கும்.

இரண்டே ஆண்டுகள் கழிந்தன. 1952இல் மெரில் என்னும் வானியலார், சில செந்நிறப் பெருவிண்மீன்களின் ஒளியில் அடையாளம் தெரியாதிருந்த கோடுகளை அவ்வட்டவணையோடு ஒப்பிட்டார். அவை டெக்னீசியத்தின் கோடுகளே. அழிந்துகொண்டே இருக்கும் ஒரு தனிமம் விண்மீனில் காணப்படுமாயின், அது அண்மைக் காலத்தில் அவ்விண்மீனுள்ளேயே உண்டாகியிருத்தல் வேண்டும். தனிமங்கள் விண்மீன்களின் உள்ளே ஆக்கப்படுகின்றன என்பதற்கு நேரடிச் சான்று அன்று கிட்டியது. மெகர்சும் ஸ்கிரிப்னரும் முன்னரே அளந்து வைத்திராவிடில், அக்கோடுகள் பெயரற்றனவாகவே கிடந்திருக்கும்.

தோரியம் என்னும் அளவுகோல்

1995இல் சுவிட்சர்லாந்தின் மேயர், கெலோஸ் ஆகிய இருவர், 51 பெகாசி என்னும் விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்றினை அறிவித்தனர். கதிரவனை ஒத்த பிற விண்மீனைச் சுற்றுவதாக உறுதிபெற்ற முதற்கோள் அது. கோளை அவர்கள் நேரே காணவில்லை. கோளின் ஈர்ப்பால் விண்மீன் முன்னும் பின்னும் அசைய, அதன் கோடுகள் இடம்பெயர்வதையே கண்டனர். அவ்வசைவின் வேகம் நொடிக்கு அறுபது மீட்டருக்கும் சற்றுக் குறைவு. கோட்டின் பெயர்ச்சி ஐம்பது இலட்சத்தில் ஒரு பங்கு.

இத்துணைச் சிறிய பெயர்ச்சியை அறிய, விண்மீனின் ஒளிக்கு அருகிலேயே மாறாத அளவுகோல் ஒன்று வேண்டும். அவர்கள் கருவியில் தோரியமும் ஆர்கானும் கொண்ட விளக்கு அப்பணியைச் செய்தது. தோரியம் இதற்கு ஏற்றது என்பதற்குக் காரணங்கள் உண்டு. அது கனத்த அணு. ஆதலின் வெப்பத்தால் அதிகம் அலைவதில்லை, கோடுகளும் மெல்லியன. இயற்கையில் கிட்டுவது பெரும்பாலும் ஒரே ஐசோடோப்பு. ஆதலின் கோடுகள் பிளவுபடுவதில்லை. நிறமாலை முழுதும் ஆயிரக்கணக்கான கோடுகள் நிரவியுள்ளன. அக்கோடுகளின் அலைநீளங்களைப் பால்மர், எங்கிள்மன் என்னும் இருவர் அளந்து 1983இலேயே வெளியிட்டிருந்தனர். உலகின் வானாய்வகங்கள் பலவற்றில் அவ்வட்டவணை பயன்பட்டது. நம் காவலூரில் 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியின் நிறமாலைக் கருவியும் தோரியம் – ஆர்கான் விளக்கின் ஒளியையே ஒப்பீட்டிற்குக் கொள்கின்றது.

மேயருக்கும் கெலோசுக்கும் 2019இல் நோபல் பரிசின் பங்கு கிடைத்தது. அது தக்க பரிசே. ஆயினும், தோரியத்தை அளந்தவர் பெயரை நம்மில் எத்துணையர் கேட்டிருக்கிறோம்? கோபுரத்தின் கலசம் கண்ணில் படுகின்றது. கடைகாலிட்ட கல் மண்ணுக்குள் கிடக்கின்றது.

எஞ்சியுள்ள பணி

இந்நிகண்டு நிறைவுற்றுவிட்டது என்று எண்ணுதல் கூடாது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய நிகழ்ச்சி, ஈர்ப்பலைகளாலும் ஒளியாலும் ஒருங்கே அறியப்பட்டது. கனமான தனிமங்கள் அத்தகைய மோதலில் பிறக்கின்றன என்பது கோட்பாடு. அவ்வொளியில் ஸ்ட்ரான்சியத்தின் அடையாளம் உள்ளது என 2019இல் அறிவிக்கப்பட்டது. பிறவற்றை அவ்வாறு தெளிவாகப் பெயர்சொல்லி அழைக்க இயலாமைக்கு ஒரு காரணம், அருமண் தனிமங்களின் அயனிகள் பலவற்றின் கோடுகள், குறிப்பாக அகச்சிவப்புப் பகுதியில், இன்னும் முழுமையாக அளக்கப்படாமையே. 2021 இறுதியில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பு ஒளியையே பெரிதும் திரட்டுகின்றது. கல்வெட்டுகள் குவிந்துகொண்டிருக்கின்றன, எழுத்தட்டவணையோ பின்தங்கி நிற்கின்றது. இவ்வளவைப் பணியில் முழுமையாக ஈடுபட்டுள்ள ஆய்வகங்கள் உலகில் மிகச் சிலவே. விரைவில் புகழ் தராத பணிக்கு ஆளும் பொருளும் அரிதாகவே கிட்டும் என்பதை நாம் அறிவோம்.

இளநிலை இயற்பியல் பயிலும் மாணவர், சோடியம் ஆவி விளக்கின் முன்னோ பாதரச விளக்கின் முன்னோ நிறமாலைமானியை வைத்து, வெர்னியர் அளவுகளைக் குறித்து, பாதரசத்தின் பச்சைக்கோடு 5461 ஆங்ஸ்ட்ராம் என்று கண்டறிவர். நூலில் ஏற்கெனவே உள்ள எண்ணை நாம் ஏன் மீண்டும் அளக்க வேண்டும் என்று சிலர் சலிப்புறுவதும் உண்டு. அவர்தம் கையில் இருப்பது கிர்க்காஃப் தொடங்கிவைத்த அதே பணியின் ஒரு சிறு நுனி என்பதை நாம் நினைவூட்ட விரும்புகிறோம். விடைத்தாளுக்காக எண்ணைத் திருத்தி எழுதாமல், கண்டதைக் கண்டவாறே குறிக்கும் பழக்கமே அளவையாளரின் முதற்பாடம். ரூங்கே இரட்டைக் கோட்டைக் கண்டவாறே வெளியிட்டதால்தான் ஹீலியத்தின் உண்மை ஐயம் நீங்கி நிலைத்தது.

மொழித்துறையினராகிய நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பதிப்பாசிரியர் ஓர் ஏட்டின் ஓரெழுத்தைச் சரிபார்க்க ஊரூராக அலைந்தமையால்தான் பழந்தமிழ் நூல்கள் இன்று நம் கையில் செம்மையாகத் திகழ்கின்றன. சரிபார்க்கும் கை எத்துறையில் உழைத்தாலும் அதன் உழைப்பு ஒன்றே. பாதரசக் கோட்டை அளக்கும் மாணவரும் ஏட்டுச்சுவடியின் எழுத்தை ஒப்புநோக்கும் மாணவரும் ஒரு சாலை மாணாக்கரே என்று கொண்டு, இருவரையும் வாழ்த்துகிறோம்.